தீக்குழி ஓரத்தில் ஒரு கைக்கடிகாரம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை முழுவதும் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். கற்பிட்டிக் குடாநாட்டிலே தலவில அன்னம்மாள் ஆலயத்தை நோக்கி யாத்திரிகர் கூட்டம் சாரிசாரியாகச் செல்லும். சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரத்தில் ஆவணித் திருவிழாவுக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவே வீடுகள் நெருங்கி நிற்கும் உடப்பு என்னும் தமிழ்க் கிராமத்தில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நடைபெறும். சோழகக் காற்றிலே கடல் கொந்தளிக்கும் காலமாகையால் கரைவலைகள் ஓய்ந்திருக்கும். தொழில் தேடிக் கிழக்குக் கரைக்குச் சென்ற ஆடவர்களும் அம்மனுக்காக ஊர் திரும்பிவிடுவார்கள்.

இந்த உடப்பிலேதான் நமது தமக்கையார் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். வயது 60ஐத் தாண்டிவிட்டது. இரத்த அழுத்தத்துக்காக ஆறு ஆண்டுகளாக மாத்திரை விழுங்கி வருகிறார். அவருக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி. மகன் கடலை நம்பியவன். மகள் மருத்துவபீடத்து மாணவி. சில ஆண்டுகளுக்கு முன்னர் மகன் சென்ற படகின் இயந்திரம் பழுதாகி, இரண்டு இரவுகள் கரை காணாமல் மிதந்து, மூன்றாம் நாள் வேறொரு படகினரால் இழுத்து வரப்பட்டான். அந்த இரண்டு இரவுகளிலே தமக்கையார் வைத்த நேர்த்திக்கடன், மகன் மூன்று ஆண்டுகள் தீமிதிக்க வேண்டும் என்பது. சென்ற ஆடியில் அது முதலாம் ஆண்டு.

மகன் தீமிதிப்பதை மருமகள் மறுக்கவில்லை. தாயார் குழியருகே நின்று பார்ப்பதைத்தான் மறுத்தாள். "இந்த இரத்த அழுத்தத்தோடு அங்கே நிற்கக் கூடாது, அம்மா. வீட்டிலே இருங்கள், முடிந்ததும் தம்பி நேரே வந்து கும்பிடுவான்" என்றாள். தமக்கையாருக்கு வந்த கோபத்தை இங்கே எழுத இடம் போதாது. "மிதிக்கப் போகிறவன் அவன். நான் பார்க்கத்தானே போகிறேன்? என் மனம் அமைதியாய்த்தான் இருக்கும். அம்மாள் இருக்கிறாள்" என்றார்.

முடிவில் ஓர் உடன்படிக்கை உண்டாயிற்று. மருமகள் தன் கையிலே கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தாயாரின் கையிலே கட்டினாள். அது மணி காட்டுவதோடு நிற்பதில்லை; நிமிடத்துக்கு நாடி எத்தனை முறை துடிக்கின்றது என்று காட்டும்; "மன அழுத்தம்" என்று ஓர் எண்ணையும் காட்டும். அவை யாவும் அவளுடைய கைபேசியிலே கோடாக வந்து விழும். எண் எல்லை மீறினால் கூட்டத்தை விட்டு விலகி வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. சாட்சியாக நாம் அருகே நின்றோம்.

குழியிலே தணல் பரப்பப்பட்டபோது நாடி 84. மஞ்சள் உடுத்திய அடியார்கள் வரிசையாக வரத் தொடங்கியதும் 97. மருமகன் குழியின் தலைப்பிலே வந்து நின்றபோது மருமகள் கைபேசியை நம் பக்கம் திருப்பி, "மாமா, பாருங்கள்" என்றாள். 131. நாம் தமக்கையாரின் முகத்தைப் பார்த்தோம். கரங்கள் குவிந்திருந்தன, இதழ்கள் அசைந்தன, முகத்திலே ஒரு சுருக்கமும் இல்லை. விலகி வரச் சொல்ல வேண்டியவள் மருமகள். அவள் வாய் திறக்கவில்லை. அதற்குள் பையன் தணலைக் கடந்து அப்பால் போய்விட்டான்.

வீடு திரும்பியபின் மகள் கோட்டைக் காட்டி, "அம்மா, அமைதியாய் இருந்தேன் என்கிறீர்கள். பாருங்கள், இதை" என்றாள். தமக்கையார் பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே பிள்ளை. உன் மணிக்கூட்டுக்குத்தான் பயம் பிடித்திருக்கிறது" என்றார்.

இவர்களுள் யார் சொல்வது சரி? இந்தக் கேள்வியுடன் நாம் சில வாரங்கள் புத்தகங்களைப் புரட்டினோம். உலகெங்கும் விஞ்ஞானிகள் இதே வழக்கை ஏறக்குறைய 90 ஆண்டுகளாக விசாரித்து வருகிறார்கள் என்று அறிந்தபோது வியப்பு உண்டாயிற்று.

முதலில் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். கடிகாரத்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சை ஒளி மின்னுவதைக் காணலாம். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக் கொள்ளும். இருதயம் ஒருமுறை துடிக்க, தோலின் கீழுள்ள நுண்ணிய குழாய்களிலே இரத்தம் சற்றுப் பெருகும். திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுவதே கடிகாரத்தின் வேலை. பட்டி தளர்ந்திருந்தாலும், கையை ஆட்டிக்கொண்டிருந்தாலும் கணக்குத் தவறும்.

இந்தக் கருவியின் பாட்டனார் ஒல்லாந்து தேசத்திலே பிறந்தவர். லைடன் நகரத்து ஐந்தோவன் என்ற பேராசிரியர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இருதயம் துடிக்கும்போது எழும் மிகச் சிறிய மின்சாரத்தை வரைந்து காட்டும் யந்திரத்தை உருவாக்கினார். அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். அந்த யந்திரத்தின் எடை ஏறக்குறைய 270 கிலோ. அதை இயக்க 5 பேர் தேவை. நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிரப்பிய தொட்டிகளிலே அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோலிலிருந்து மின்சாரத்தை வாங்கி வர உப்புநீரைப் போன்ற நல்ல தூதன் இல்லை. உப்பளங்களின் நடுவே வாழும் புத்தளத்தாருக்கு இதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். இன்றும் வைத்தியசாலைகளில் மார்பிலே ஒட்டும் வில்லைகளின் அடியில் உப்புக் கலந்த பசைதான் இருக்கின்றது. பயத்திலே உள்ளங்கை வியர்த்தால் தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதும் அந்த வியர்வையின் உப்பினாலேதான். விரல் நுனிகளிலே இரு தகடுகளைக் கட்டி அந்த மாறுதலை அளப்பது இந்த ஆராய்ச்சியிலே இன்னொரு முறை.

"மன அழுத்தம்" என்று கடிகாரம் காட்டும் எண் எங்கிருந்து வருகின்றது? அதற்குள்ளே ஒரு நுட்பம் இருக்கின்றது. சுகமான இருதயம் கடிகாரத்தைப் போலச் சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்று விரைந்தும், வெளியே விடும்போது சற்றுத் தாமதித்தும் துடிக்கும். இதை 1847இலேயே ஜெர்மனியில் கார்ல் லுட்விக் என்பவர் கருவியால் வரைந்து கண்டார். மூளையிலிருந்து இருதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு அதைத் தட்டிக் கொடுத்து அடக்கி வைப்பதாலே இந்த ஏற்ற இறக்கம் உண்டாகின்றது. உடல் இளைப்பாறும்போது அது விரியும். நெருக்கடியிலே சுருங்கி, துடிப்புகள் ஒரே அளவாகிவிடும். கடிகாரம் இந்த விரிவையும் சுருக்கத்தையும் கணக்கிட்டு ஓர் எண்ணை எழுதி, அதற்கு "மன அழுத்தம்" என்று பெயர் சூட்டிவிடுகின்றது. அளந்தது உடலை, பெயர் சூட்டியது மனத்துக்கு. ஓட்டப் பந்தயத்தில் ஓடியவனுக்கும், பரீட்சை மண்டபத்தில் நடுங்கியவளுக்கும், பல ஆண்டுகள் காணாத மகனை விமான நிலையத்திலே கண்ட தகப்பனுக்கும் நாடி ஒரேமாதிரி ஏறும். எது எதனால் ஏறியது என்று சொல்லப் பச்சை ஒளிக்குத் தெரியாது.

நாவுக்கும் கருவிக்கும் இடையிலான வழக்கு முதன்முதலாகப் பெரிய அளவில் எழுந்தது நமது அண்டை நாட்டிலே. 1935இல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இருதய வைத்திய மாது, கையோடு கொண்டு செல்லத்தக்க கருவியுடன் இந்தியாவுக்கு வந்தார். இருதயத்தையே நிறுத்தவல்ல யோகிகள் உண்டு என்ற பேச்சைச் சோதித்துப் பார்ப்பது அவர் நோக்கம். ஒரு யோகியாரின் இருதயக் கோடு பெரிதும் தாழ்ந்து, ஏறக்குறைய மறைந்தே போனதாக அவர் எழுதிய செய்தி மேனாட்டாரைத் திகைக்கச் செய்தது.

1957இல் பாக்சி, வெங்கர் என்ற இருவர், மூளை, இருதயம், சுவாசம், தோல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே வரையும் கருவியை அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து இந்தியாவிலே ஊர் ஊராகச் சென்றார்கள். இவர்களிலே பாக்சியின் கதை சுவையானது. வங்காளத்திலே பரமஹம்ச யோகானந்தரின் இளமைத் தோழர். ஒரு காலத்தில் தாமே துறவு பூண்டு தீரானந்தர் என்ற பெயருடன் அமெரிக்காவில் உபதேசித்தவர். பின்னர் அதை விட்டு, மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் மூளை மின்னலைகளை ஆராயும் விஞ்ஞானியானார். யோகத்தை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்த கண்கள் அவருடையவை.

புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் ஆனந்தும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இருதயத்தையோ நாடியையோ அடக்குவோம் என்ற நால்வரை மூவரும் பரிசோதித்து, 1961இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த நால்வரில் ஒருவர், சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ஆசனப் பயிற்சிக்கு மூலபுருஷர் என்று போற்றப்படுபவர். 1935இல் பிரெஞ்சு மாது பரிசோதித்தவரும் அவரே.

கண்டது என்ன? யோகி மூச்சை இழுத்து அடக்கி, தொண்டையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்குகிறார். மார்புக்குள்ளே அழுத்தம் உயர்கிறது. நாளங்கள் வழியாக இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. வருவது குறைந்தால் போவதும் குறையுமன்றோ? மணிக்கட்டில் விரல் வைத்தவருக்கு நாடி அகப்படாது. மார்பிலே காது வைத்தால் தசைகள் இறுகும் ஓசையில் இருதய ஒலி அமுங்கிவிடும். வைத்தியரும் ஊராரும் "நின்றுவிட்டது" என்பார்கள். ஆனால் மின்கோட்டிலே இருதயம் தன் பாட்டில் துடித்துக்கொண்டே இருந்தது. நால்வரில் ஒருவர் மாத்திரம் இருதயத்தை நிறுத்துவதாகச் சொல்லாமல், நாடியை உண்மையிலேயே சற்று மெதுவாக்கிக் காட்டினார்.

இதைப் படித்துவிட்டு யோகிகளைப் பொய்யர் என்போரும் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாடியைத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு சோதனை இல்லாத காலத்திலே, நாடி மறைந்தால் இருதயம் நின்றது என்று நம்பியது நேர்மையான நம்பிக்கையே. தாம் செய்ததை அவர்கள் செய்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் பிழைத்தது. கடிகாரமும் அதே பிழையைத்தான் செய்கின்றது என்பதை மருமகளிடம் சொல்ல நமக்கு ஆசை.

அதே 1961இல் ஆனந்தும் அவருடைய சகாக்களான சீனா, பல்தேவ் சிங் ஆகியோரும் இன்னொரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கண்ணை மூடி ஓய்ந்திருக்கும் மனிதனின் மூளையிலே விநாடிக்கு 8 முதல் 13 வரையான அலைகள் எழும். ஆல்பா அலைகள் என்பது அவற்றின் பெயர். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1929இல் உலகுக்கு அறிவித்தவை அவை. யாரேனும் திடீரென்று சத்தம் செய்தால் அவை கலைந்துவிடும், கல் எறிந்த குளம் போல. சமாதியில் அமர்ந்த யோகிகளின் அருகே ஒளி பாய்ச்சினார்கள். உரத்த ஓசை எழுப்பினார்கள். சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். அலைகள் கலையவில்லை. வேறு இருவர் 4 பாகை குளிர்நீரிலே கையை 45 முதல் 55 நிமிடங்கள் வரை வைத்திருந்தார்கள்; அப்போதும் அந்த அலைகள் நீடித்தன. (மீன் பெட்டியின் பனிக்கட்டியிலே கை வைத்துப் பழகிய உடப்பு வாசிகள் இதை ஒரு நிமிடம் செய்து பார்த்தாலே யோகிகளின் பெருமை விளங்கும்.)

ஜப்பானிலே கசமத்சு, ஹிராய் என்ற இருவர் 1966இல் சென் பௌத்தத் துறவிகளைப் பற்றி எழுதியது இதற்கு மாறானது. சாதாரண மனிதன் ஒரே ஓசையை மீண்டும் மீண்டும் கேட்டால் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அத்துறவிகளின் மூளையோ ஒவ்வோர் ஓசையையும் முதன்முறை கேட்பது போலவே வரவேற்றது. ஒருவருக்கு உலகம் கேட்கவே இல்லை. மற்றவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கின்றது. இரண்டையும் நாம் "தியானம்" என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம்! ஆயினும், 1981இல் பெக்கர், ஷப்பீரோ என்ற அமெரிக்கர் இருவர் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, தியானம் பயின்றவர்களுக்கும் பயிலாதவர்களுக்கும் இடையே அந்த வேற்றுமையைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில துறவிகளைக் கொண்டு எழுதிய முடிவு பெருங்கூட்டத்துக்கு எப்போதும் பொருந்துவதில்லை.

நம் கரையோரத்தாருக்கு மிக நெருக்கமான ஆராய்ச்சி, நமது எண்ணத்தில், இத்தாலியிலிருந்து வந்தது. பவியா நகரத்து பெர்னார்டி என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 23 சுகதேகிகளைக் கொண்டு செய்து, 2001இல் வெளியிட்டது. லத்தீன் மொழியிலே மரியன்னைக்குச் சொல்லும் செபமாலை மந்திரத்தை ஒருமுறையும், திபெத்தியர் ஓதும் "ஓம் மணி பத்மே ஹூம்" என்பதை மற்றொரு முறையும் அவர்களைக் கொண்டு சொல்லச் செய்தார்கள். இரண்டிலும் சுவாசம் தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. இரத்த அழுத்தத்துக்கும் இயல்பாகவே பத்து விநாடித் தாளம் ஒன்று உண்டு. இரண்டு தாளங்களும் ஒன்றுசேர, இருதயத்தின் ஏற்ற இறக்கம் விரிந்து, அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் திறமை கூடிற்று. ஒருவர் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறு பாதியை ஏற்றுச் சொல்லும் முறையிலே மூச்சு தன்னை அறியாமலே நீண்டுவிடுகின்றது.

தலவிலவில் செபமாலை சொல்லும் மூதாட்டியையும், கற்பிட்டியில் தஸ்பீஹ் மணிகளை உருட்டும் பெரியவரையும், முன்னேஸ்வரத்தில் நாமஜபம் செய்பவரையும் நேயர்கள் மனக்கண்ணிலே ஒரே திண்ணையில் அமர்த்திப் பாருங்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டும் இதே அமைப்புத்தான். வலை இழுப்பது இளைப்பாறுதல் அன்று என்பது உண்மை. ஆனாலும் தனியாக இழுப்பவனுக்கு முறியும் மூச்சு, பாட்டோடு இழுப்பவனுக்கு முறிவதில்லை என்று பழைய சம்மாட்டிமார் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

ஒரு மீனவக் கிராமத்திலே கருவி கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. மொரிஷியஸ் தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள லா கொலெத் என்ற ஊரில் மராத்தியப் பெண்களைக் கொண்டு அந்தச் சோதனை நடந்தது. முடிவு 2020இல் வெளிவந்தது. இயற்கைப் பேரிடரிலிருந்து தப்பும் வழி பற்றி ஒரு பேச்சு ஆயத்தம் செய்யும்படியும், அது மதிப்பிடப்படும் என்றும் முதலிலே சொல்லி அவர்களைக் கலங்க வைத்தார்கள். பிறகு ஒரு சாராரைக் கோயிலுக்குச் சென்று வழக்கம்போல வழிபடச் சொன்னார்கள். மறு சாராரை ஓர் அறையிலே சும்மா இருத்தினார்கள். வழிபட்டவர்களின் இருதயம், சும்மா இருந்தவர்களின் இருதயத்தைவிட நன்றாக இளகிற்று. மனக்கலக்கமும் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். இங்கே நாவும் கருவியும் ஒரே சாட்சியம் சொல்லின.

இனி நமது வழக்குக்கு நேரே பொருந்தும் சாட்சியத்துக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டிலே சான் பேத்ரோ மன்ரீக்கே என்று ஒரு சிற்றூர். ஆண்டுதோறும் ஜூன் 23ஆம் நாள் இரவு அங்கே தீமிதிப்பு நடக்கும். ஏறக்குறைய 7 மீற்றர் நீளத் தணற்பரப்பு. அதன் வெப்பம் 677 பாகை என்று அளந்திருக்கிறார்கள். பலர் தமக்கு வேண்டியவர் ஒருவரை முதுகிலே சுமந்துகொண்டு மிதிப்பார்கள். கொன்வலிங்கா, சிகலட்டாஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 38 பேருக்கு மார்பிலே நாடி அளக்கும் பட்டி கட்டினார்கள். அவர்களில் 12 பேர் தீமிதித்தவர்கள். 9 பேர் அவர்களுடைய சுற்றத்தாரும் நண்பரும். 17 பேர் வேடிக்கை பார்க்க வந்த அந்நியர். 2011இல் முடிவை வெளியிட்டார்கள்.

மிதித்தவர்களின் இருதயக் கோடு எப்படி எப்படி ஏறி இறங்கிற்றோ, ஓரத்திலே நின்ற சுற்றத்தாரின் கோடும் அப்படி அப்படியே ஏறி இறங்கிற்று. அவர்கள் தணலைத் தொடவில்லை. ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அதே இடத்திலே, அதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்நியரின் கோடு அவ்வாறு இணங்கவில்லை. கூட்டத்தின் ஆரவாரமோ, ஓசையோ, வெப்பமோ காரணமாயிருந்தால் அந்நியருக்கும் அது நேர்ந்திருக்க வேண்டுமல்லவா? இருதயங்களைப் பிணைத்தது உறவு. இன்னொன்று: மிதித்தவர்களைக் கேட்டபோது, தாங்கள் அமைதியாகவே இருந்ததாகச் சொன்னார்கள். கருவியோ அந்த வேளையில் அவர்களின் இருதயம் உச்சத்திலே துடித்ததைக் காட்டிற்று.

நமது தமக்கையார் சொன்ன அதே வார்த்தை! அவர் பொய் சொல்லவில்லை என்பதிலே நமக்கு இப்போது ஐயமில்லை. அவருடைய முகம் அமைதியாயிருந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். கடிகாரமும் பொய் சொல்லவில்லை. 131 என்பது 131தான். அந்த எண்ணுக்குப் பயம் என்று பெயர் சூட்டியது நாங்கள். மகன் தணலிலே நடந்த சில விநாடிகள் தாயின் இருதயமும் தணலிலே நடந்தது என்று சொல்லியிருந்தால் தாயும் மகளும் சண்டையிட்டிருக்கமாட்டார்கள்.

இதனாலே இரத்த அழுத்தமுள்ளவர்கள் குழியோரத்தில் நிற்கலாம் என்று நாம் எழுதிவிட்டதாக யாரும் கொள்ள வேண்டாம். மொரிஷியஸ் தமிழர் காவடி எடுத்ததை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த கட்டுரையிலே, அலகு குத்திய நாளில் உடலின் கொந்தளிப்பு மற்ற நாட்களைவிட மிக அதிகமென்று தோலிலே கட்டிய கருவி காட்டியதும், பின்னர் அவர்களுடைய உடல்நலம் கெடாமல், அதிகம் அலகு குத்தியவர்களே மன நிறைவு அதிகம் பெற்றதும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் அவர்கள் மாத்திரை விழுங்கும் நமது தமக்கையார் அல்லர். மருமகள் அன்றிரவு கைப்பட்டி கட்டி அளந்தபோது தாயாரின் இரத்த அழுத்தம் வழக்கத்தைவிட ஏறியிருக்கவில்லை. "ஒரு நாள் அளந்தது ஒன்றையும் நிரூபிக்காது, மாமா" என்று அவளே சொல்லிவிட்டாள். மருத்துவபீடத்தார் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் உடப்புக்குச் சென்றிருந்தபோது ஸ்பெயின் தேசத்துக் கதையை இருவருக்கும் சொன்னோம். தமக்கையார் மீன் அரிந்துகொண்டே கேட்டார். "ஊருக்கு ஊர் தாய்மார் அப்படித்தான். இதற்கு மார்பிலே பட்டி கட்ட வேண்டுமா?" என்றார். மருமகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அன்றைக்கு 131 என்று உங்களிடம் காட்டினேனே, மாமா. கைபேசியைப் பிடிக்க முடியாமல் என் கை நடுங்கியது. விலகி வாருங்கள் என்று சொல்ல வேண்டியதே மறந்துபோயிற்று. என் நாடியை யாரும் பார்க்கவில்லை" என்றாள்.

வருகிற ஆடி மகனுக்கு இரண்டாம் ஆண்டு. வைத்தியரிடம் முன்கூட்டியே போய்க் காட்டுவதற்குத் தமக்கையார் இசைந்திருக்கிறார். கடிகாரம் கட்டவும் இசைவுதான். ஆனால் மகளும் ஒன்று கட்டிக்கொண்டு பக்கத்திலே நிற்க வேண்டுமாம். மருமகள் சிலாபத்துக் கடைகளிலே இரண்டாவது கடிகாரத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.